பாட்டும் கூலியும்

மலாயாத் தீபகற்பத்தில் மின்விளக்கு முதன்முதலில் ஒளி வீசிய ஊர் கோலாலம்பூர் அன்று, பினாங்கும் அன்று. கோலாலம்பூருக்கு வடக்கே ஈயச் சுரங்கங்களுக்கு நடுவே கிடந்த ரவாங் என்னும் சிற்றூரே அப்பெருமைக்கு உரியது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூ என்னும் சீனச் செல்வரும் கே. தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழரும் தங்கள் சுரங்கத்தில் நீர் இறைப்பதற்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினர். சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் ரவாங் தெருவுக்கும் வந்தது. பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்டவர் தம்புசாமிப் பிள்ளை என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள் இந்த மின்சாரச் செய்தியை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

அதே ரவாங்கில், தாமான் ஒன்றின் வரிசை வீட்டில், மின்சாரத்தைக் கொண்டே பாட்டுக் கட்டும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். பகலில் அவனுக்குத் தொழிற்சாலை வேலை. இரவில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்வான். மேசைமீது ஒரு விசைப்பலகை, ஓர் ஒலிவாங்கி, இரண்டு ஒலிபெருக்கிகள். வயலினும் தவிலும் அவ்வீட்டில் இல்லை. கணினிக்குள் எல்லாம் உண்டு. தாயார் கூட்டுக் கட்டி எடுத்த பணத்தில் பாதி அந்த மேசைமீது கிடக்கிறது. சமையலறைக்குப் புது அடுப்பு வாங்க எண்ணியிருந்த பணம் அது. மகனின் ஆசைக்காக அடுப்பு இன்னும் ஒரு தீபாவளி காத்திருக்கட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். அந்த அடுப்பு இன்னும் வந்தபாடில்லை.

மூன்று நிமிடம் ஒலிக்கும் பாட்டு ஒன்றைச் செய்து முடிக்க அவனுக்கு மூன்று வார இரவுகள் செல்லும். தாளத்தை ஒரு தடத்தில் அமைத்து, அதன்மீது மெட்டை வைத்து, குரலைப் பதிந்து, பிசிறு நீக்கி, ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி, காலையில் கேட்டால் பிடிக்காமல் மீண்டும் கலைத்து, இப்படியே இரவுகள் கழியும். இதனை அறியாதவர்கள் சொல்லும் ஒரு சொல் உண்டு: “கம்ப்யூட்டர்தானே வாசிக்குது தம்பி!”

அந்தச் சொல்லில்தான் வழக்கு தொடங்குகிறது. கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்பார் ஆலயத் தலைவர். கல்யாண மண்டபத்தில் மணமகள் நுழையும்போது ஒலிக்க ஒரு பாட்டு வேண்டும் என்பார் உறவினர். தேர்தல் வந்தால் இன்னொருவர் வருவார். பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பாட்டுக் கேட்டு வரும் தமிழாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். பந்தல் போட்டவருக்குப் பணம் உண்டு. நாற்காலி வாடகைக்குப் பணம் உண்டு. ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்கும் சமையற்காரருக்கும் முன்பணமே உண்டு. பாட்டுச் செய்தவனுக்கோ மேடையில் அழைத்து ஒரு பொன்னாடை. அவன் அலமாரியில் இப்போது ஆறு பொன்னாடைகள் அடுக்கி இருக்கின்றன. ஆறிலும் மடிப்புக் கலையவில்லை.

நண்பர்களின் அறிவுரையோ வேறு வகை. “பாட்டை இலவசமாகவே வெளியிட்டுவிடு. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், இறக்கிக்கொள்ளட்டும். முதலில் பெயர் பரவட்டும், பணம் பின்னால் வரும்” என்கின்றனர். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் அறியாத கலைஞனுக்குத் திருட்டைவிடப் பெரும் பகை, எவரும் கேளாமையே. 2011ஆம் ஆண்டில் ‘கிளப்புல மப்புல’ என்னும் பாட்டு இணையத்தின்வழி வீடுதோறும் நுழைந்தது. அப்பாட்டின் கருத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. அது வேறு வழக்கு. அதனை உருவாக்கிய ‘ஹிப்ஹாப் தமிழா’ இணையர் சில ஆண்டுகளில் திரைப்பட இசையமைப்பாளர்களாயினர். காசு கொடுத்தால்தான் கேட்கலாம் என்று கதவடைத்திருந்தால் அவ்வளவு விரைவில் ஊர் அறிந்திராது.

ஆனால் பரவிய பெயர் ஒவ்வொன்றுக்கும் பின்னால், பரவாமற்போன பெயர்கள் எத்தனை என்று எவரும் கணக்கிடுவதில்லை. இலவசமாகக் கொடுத்தும் எவரும் கேளாத பாட்டுகள் கடலளவு கிடக்கின்றன.

இளைஞன் இதனைத் தன் பாட்டனாரிடம் ஒருநாள் கேட்டான். பாட்டனார் எண்பதைக் கடந்தவர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முப்பது ஆண்டுகள் உறுமி வாசித்தவர். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, செம்பனையும் வீட்டுமனையுமாக நிலம் மாறியபின், மகனோடு ரவாங்கில் குடியேறினார். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது. அவர் வாயில் மட்டும் அது மாறவில்லை. அவருடைய உறுமி மட்டும் எதிலும் விற்கப்படாமல் அவரோடு வந்து சேர்ந்தது. மாலை வேளைகளில் வாசற்படியில் அமர்ந்து, வளைந்த குச்சியால் அதன் தோலைத் தேய்த்து ஒலி எழுப்புவார். பேரன் அதைத் தன் கைப்பேசியில் பதிந்துகொள்வதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

“தாத்தா, நீங்க கோயில்ல உறுமி அடிச்சதுக்குக் காசு வாங்குனீங்களா?”

“காசா? யாருடா குடுத்தா! தேங்கா, பழம், ஒரு வேட்டி. அவ்வளவுதான்.”

“அப்படின்னா சும்மாதானே அடிச்சீங்க?”

பெரியவருக்குச் சினம் வந்துவிட்டது. “சும்மா எங்கடா அடிச்சேன்? அந்த வேட்டி எங்கேருந்து வந்துச்சு? ஒவ்வொரு வீட்டுச் சம்பளத்துலயும் திருவிழாவுக்குன்னு புடிச்ச காசுல வந்துச்சு. எனக்கு ஒடம்புக்கு முடியாம ரெண்டு வாரம் படுத்தப்ப, லயத்துல ஒவ்வொரு வீடா எங்க வீட்டுக்குச் சோறு வந்துச்சு. ‘மேளக்காரன் வீடு’ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சும்மாவாம் சும்மா!”

எழுத்தறிவு மிகாத அம்முதியவர் சொன்ன அச்செய்தி, தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொறிக்கப்பட்டிருக்கிறது. இராசராசசோழன் அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர்; ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். ஆடல் மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கோ ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுள்ள பங்கும். கோயிலுக்கு வந்து பாட்டுக் கேட்டவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. கேட்டவருக்கு இலவசம், பாடியவருக்கு முக்குறுணி. மத்தளம் வாசித்தவரையும் அரசன் மறக்கவில்லை என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தெய்வத்தின் முன் பாடுவது தொண்டுதானே, அதற்கு நெல் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

இன்று அக்கேள்வியைக் கேட்பவர் பலர். “கலை தெய்விகமானது, அதனை விற்கலாமா?” என்பர். கல்வியும் தெய்விகமானதுதான். அதனால் ஆசிரியர்க்குச் சம்பளம் வேண்டா என்று எந்த ஆசிரியர் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றியதாகத் தெரியவில்லை. கலைக்கு விலை கூடாது என்று உரைப்பவர், பெரும்பாலும் மாதம் முடிந்தால் சம்பளம் தவறாமல் வரும் இடத்தில் அமர்ந்திருப்பவராகவே இருக்கிறார்.

தஞ்சை அரசவையின் அழைப்பை ஏற்க மறுத்து, உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்த தியாகராசரை இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர் வாழ்வு போற்றத்தக்கதே. ஆனால் செல்வம் வேண்டா என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அரசன் வாயிலிருந்து வரவில்லை. மேலும், அவர் பாடிச் சென்ற தெருவில் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரு கை அரிசி விழுந்தது.

இலவசமாகப் பாட்டு ஊருக்கு வந்து சேர்ந்த வேறொரு கதையும் மாணவர் அறியவேண்டியதே. பாரதியார் பாடல்களை இன்று யாரும் பாடலாம், அச்சிடலாம், ரவாங் இளைஞன் தன் கணினியில் புது மெட்டமைத்து வெளியிடலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. ஆனால் அப்படி என்றும் இருந்ததில்லை. கவிஞர் 1921இல் மறைந்தபின் அப்பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்றது. இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியொரு சொத்தாயிற்று. பட அதிபர் ஏ.வி. மெய்யப்பன் அதனைப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்தது அவ்வுரிமையால்தான். கவிஞரின் பாட்டு நாட்டின் சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்ப, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. கவிஞரின் மனைவிக்கும் மகள்களுக்கும் அரசு பணம் வழங்கியது. மெய்யப்பன் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். இவ்வாறெல்லாம் நடந்த பின்னரே அப்பாடல்கள் பொதுவாயின. பாரதியின் பாட்டு இலவசமாக வந்தது என்று சொல்வதைவிட, அதற்குரிய விலையை ஓர் அரசும் ஒரு தனிமனிதரும் தீர்த்துவைத்தனர் என்று சொல்வதே பொருத்தம். அதிலும் ஒரு வருத்தம். கவிஞர் உயிரோடிருந்தபோது அந்தப் பணத்தில் ஒரு பங்கு வந்திருந்தால் அவர் வீட்டில் உலை எத்தனையோ நாள் கொதித்திருக்கும்.

மின்னணு இசைக்கு வருவோம். நாகசுரத்தை ஒருவர் வாசித்தால் அவர் நிற்கும் இடத்தில்தான் அது கேட்கும். நாளை கேட்க வேண்டுமாயின் நாளையும் அவரை அழைத்தல் வேண்டும். கணினியில் பிறந்த பாட்டுக்கு இக்கட்டு இல்லை. ஒருமுறை செய்தால் போதும். கோடிப் படி எடுக்கலாம். எந்தப் படிக்கும் செலவில்லை. இங்கேதான் மயக்கம் பிறக்கிறது. படி எடுக்கச் செலவில்லை என்பதால், பாட்டுக்கே செலவில்லை என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

இம்மயக்கம் கணினிக்கும் முந்தியது. இரவுச் சந்தையில் ஒலிநாடாவும், பின்னர்க் குறுந்தட்டும், திருட்டுப் படிகளாகக் குவிந்து கிடந்த காலத்தை நடுவயதினர் மறந்திரார். மலேசியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டும் அவர் படைப்பைக் காப்பது அச்சட்டம். சட்டம் வந்தபின்னும் சந்தையில் மலிவு விலைத் தட்டு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உள்நாட்டுத் தமிழ்க் கலைஞர் செலவிட்டுத் தட்டு வெளியிடுவர். அதே வாரத்தில் அதன் திருட்டுப் படி சந்தைக்கு வந்துவிடும். தமிழ்ப் பற்றை மேடையில் முழங்கியவர் வீட்டிலும் அத்தட்டு இருந்தது.

இப்போது சந்தையில் தட்டும் இல்லை. பாட்டு, கைப்பேசியில் நீராக ஓடி வருகிறது. சட்டப்படி வருகிறது, ஆகவே கலைஞனுக்குப் பணம் போய்ச் சேர்கிறது என்று கேட்பவர் நம்புகிறார். அந்நம்பிக்கை அரைகுறையானது. ‘ஸ்பாட்டிஃபை’ என்னும் பெரிய இசைத் தளம் 2024ஆம் ஆண்டு முதல் ஒரு விதி வகுத்துள்ளது: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சென்கூடக் கிடையாது. அப்பாட்டுகளுக்குச் சேரவேண்டிய சில்லறை, வரம்பைக் கடந்த பாட்டுகளின் பங்கோடு சேர்க்கப்படும். ரவாங் இளைஞனின் முதற்பாட்டைச் சென்ற ஆண்டு அத்தளத்தில் கேட்டவை எழுநூற்றுச் சொச்சம் முறை. அவன் இலவசமாகக் கொடுக்க எண்ணவில்லை. ஆயினும் அது இலவசமாகவே போயிற்று. யாருக்கு என்றால், தன்னைவிடப் புகழ்பெற்றவர்களுக்கு! இல்லாதவன் உள்ளவனுக்கு ஈந்த இந்த ஈகையை எந்த வள்ளலின் வரிசையில் சேர்ப்பது?

தானே விரும்பிக் கொடுப்பதோ வேறு. அமெரிக்காவின் டிரெண்ட் ரெஸ்னர் ‘நைன் இஞ்ச் நெய்ல்ஸ்’ என்னும் பெயரில் மின்னணு இசை படைப்பவர். 2008ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் 36 இசைத் துண்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். முதல் ஒன்பது துண்டுகளை யாரும் இலவசமாகப் பெறலாம். முழுத்தொகுப்பும் ஐந்து டாலர். கையொப்பத்தோடு கூடிய சிறப்புப் பதிப்போ 300 டாலர். அதில் 2,500 படிகளே உண்டு. அந்த 2,500 படியும் சில நாள்களில் தீர்ந்துபோயின. இலவசமாக எதைக் கொடுப்பது, எதற்கு விலை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பன யாவும் அவர் கையில் இருந்தன. அதுவே அங்குக் கவனிக்கத்தக்கது. ஆனால் அவர் இருபது ஆண்டுகளாகப் புகழ் பெற்றிருந்தவர் என்பதையும் மறத்தல் ஆகாது. பெயர் பெற்றவர் இலவசமாகக் கொடுத்தால் பெருந்தன்மை என்பர்; பெயர் பெறாதவன் கொடுத்தால் அதைப் பொறுக்கி எடுக்கவும் ஆள் இருப்பதில்லை.

தோட்டத்து மக்களின் நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டு ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் உருவானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளிலிருந்து அறிவு அதன் சொற்களை எடுத்தார். காட்டை அழித்துத் தோட்டமாக்கி, அத்தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் தமக்கென இல்லாமற்போன மக்களின் குரல் அது. பல கோடி முறை உலகம் அதனைக் கேட்டது. ரவாங்கிலும் கோலசிலாங்கூரிலும் அதற்கு ஆடாத தமிழ்ப்பள்ளிக் குழந்தை இராது எனலாம். கேட்டவர் எவரும் காசு கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை. பின்னர், 2024ஆம் ஆண்டு மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் தோன்றி, அப்பாட்டின் வருவாயிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். வெளியிட்ட நிறுவனம் அதனை மறுத்தது. வழக்கின் நியாயத்தை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். இதற்கு முன்பே, பாட்டில் எவர் பங்கு எவ்வளவு, எவர் பெயர் எங்கே விடுபட்டது என்னும் பூசலும் எழுந்து தணிந்திருந்தது. உழைத்தும் நிலம் பெறாத பாட்டியைப் பற்றிய பாட்டு! அதற்கும் கூலி வரவில்லை என்று அதைச் செய்தவரே சொல்ல நேர்ந்ததுதான் கொடுமை.

கொடுப்பது பற்றியே இவ்வளவும் பேசினோம். எடுப்பது பற்றியும் ஒரு சொல் சொல்லாவிடில் நேர்மை ஆகாது. மின்னணு இசைஞர், பிறர் ஒலியை எடுத்தாளும் பழக்கம் உடையவர். பழைய பாட்டின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துத் தாளமாக்குவர். ஒரு மெட்டை மாற்றிப் புதிதாக்குவர். மலேசியத் தமிழரின் சொல்லிசைக்குக் கொடி நாட்டிய யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டபோது, அதில் பெரிதும் பேசப்பட்டது ‘மடை திறந்து’. அது 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்காக இளையராஜா அமைத்த பாட்டின் புத்துருவே. புதுமையும் பழமையும் கைகோத்த அழகு அதில் உண்டு. பழம் பாட்டை மறந்திருந்த இளைஞர் பலர் அதனால் மீண்டும் கேட்டனர். எனினும், பிறர் கட்டிய வீட்டின் மேல் மாடி எழுப்புகிறவன், அடித்தளம் போட்டவர் பெயரையாவது வாயிலில் எழுதுதல் முறை. தன் பாட்டுக்குக் கூலி கேட்பவன், தான் எடுத்த ஒலிக்கும் கூலி உண்டு என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். இதில் பின்வாங்குவோர் இசையுலகில் பலர்.

ரவாங் இளைஞன் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். இனி, கேட்டவுடன் தலையாட்டுவதில்லை. தமிழ்ப்பள்ளிக் குழந்தைகள் பாடுவதற்காக ஒரு பாட்டை அவனே மனமுவந்து செய்து, யாரும் பயன்படுத்தலாம், பெயரை மட்டும் நீக்கலாகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கல்யாணப் பாட்டுக்கு முந்நூறு வெள்ளி, பாதி முன்பணம். அரசியல்வாதிக்கு முழுவதும் முன்பணம். கோயில் தலைவரிடம் அவன் பணம் கேட்கவில்லை. பந்தற்காரர் பெயரும் சமையற்காரர் பெயரும் இருக்கும் வரவு செலவுக் கணக்கில் தன் பெயரும் இருக்க வேண்டும், தொகை பத்து வெள்ளியானாலும் சரி என்றான். தலைவர் முதலில் சிரித்தார், பிறகு சிந்தித்தார். அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார். அடுத்த கூட்டம் இன்னும் கூடவில்லை. உறவினர் ஒருவர் இரண்டு மாதமாக அவ்வீட்டுக்கு வருவதில்லை.

சென்ற வாரம் அவன் புதிய பாட்டொன்றை முடித்தான். வாசற்படியில் அமர்ந்திருந்த பாட்டனாரின் காதில் காதொலிக் கருவியைப் பொருத்தி ஒலிக்கவிட்டான். முதியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஓரிடத்தில் புருவம் நெரிந்தது. பாட்டு முடிந்ததும் கருவியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு. அந்த உறுமி யாரு அடிச்சது?”

“நீங்கதான் தாத்தா. போன மாசம் வாசல்ல அடிச்சீங்களே, அதைத்தான் எடுத்து வச்சேன்.”

“என்னைக் கேட்டியா?”

இளைஞனுக்கு விடை வரவில்லை.

“பாட்டுல என் பேரு போட்டியா?”

அதற்கும் வரவில்லை. சற்று நேரம் கழித்து, பணப்பையைத் திறந்து ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, நான்காக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பிறகு உறுமியை மடியில் எடுத்து வைத்து, “இப்ப பிடி. அன்னைக்கு அடிச்சதுல ரெண்டு எடத்துல குச்சி சறுக்கிடுச்சு” என்றார்.